ஒன்பதாவது வார்டின் நாற்பது சதவீதம்

ஜூன் 3, திங்கள்

பெயிண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் அரிசி டிரம்மின் மேல் கிடந்தது. இன்றைக்கு இதைத் தூசி தட்ட வைத்தவர் என் வீட்டுக்காரர். "மீட்டிங்ல யாரு என்ன பேசுனாங்கன்னு எழுதிட்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. இல்லைன்னா பாதிய விட்டுட்டு வந்து நிப்ப" என்றார். தானாக எழுந்து உட்கார முடியாத மனுஷன். அதிகாரத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

போன மாதம் காளியம்மன் கோயில் பொங்கலுக்குப் பந்தல் போடும்போது விழுந்துவிட்டார். அவருடைய காசிமாயன் சவுண்ட் சர்வீஸில் ஏறி இறங்க ஆள் இருக்கிறது. ஆனாலும் உச்சிக் கம்பில் தன் கையால்தான் ட்யூப் லைட் கட்ட வேண்டும் அவருக்கு. வலது தொடை எலும்பு முறிந்து, மதுரையில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தினமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஜெயக்கொடி. செம்பூரணி நகராட்சியில் ஒன்பதாவது வார்டு உறுப்பினர். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது ஆசை அவருக்கு வந்தது, மனு நான் கொடுத்தேன். ஜெயித்ததிலிருந்து கூட்டத்துக்குப் போய்ப் பேசுவது அவர், கையெழுத்து மட்டும் என்னுடையது. எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள். அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்கென்றே பின் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். நான் போகாத நாளில் வருகைப் பதிவேடு வீட்டுக்கு வரும். புதிதாக வந்திருக்கும் ஆணையர் அது இனி நடக்காது என்று சொல்லிவிட்டார். தொடர்ந்து போகாமல் இருந்தால் பதவி போய்விடுமாம். ஆகவே வெள்ளிக்கிழமை நான் போயே தீர வேண்டும்.

என்ன சேலை கட்டுவது என்று இப்போதே யோசனை ஓடுகிறது. இந்த வரியை அவருக்கு வாசிக்க மாட்டேன்.

ஜூன் 5, புதன்

அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சோப்பு கண்ணில் போனதற்கு என்னைத் திட்டினார். தண்ணீர் சூடாக இருந்ததற்கும் திட்டினார். துவட்டி முடித்ததும் தூங்கிவிட்டார். தூங்கும்போது நல்ல மனுஷன்.

ஜூன் 7, வெள்ளி

கூட்டத்துக்குப் போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் நகர்மன்றத் தலைவர் சடையாண்டி அண்ணன் எழுந்து எனக்குச் சால்வை போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கும்பிட்டு வைத்தேன்.

பிறகு அவர் பேசினார். காற்றைச் சூடாக்கும் வாயுக்களை 2030-க்குள் நாற்பது சதவீதம் குறைப்போம் என்று, இந்த வட்டாரத்தில் எந்த ஊரும் சொல்லாததை, மார்ச் மாதக் கூட்டத்தில் துணிந்து சொன்னவர் எங்கள் ஜெயக்கொடி அம்மா என்றார். மார்ச் மாதக் கூட்டத்தன்று நான் வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள். டெண்டர் எதுவும் இல்லாத குழு என்பதால் யாரும் சேரவில்லை. என்னைத் தலைவியாகப் போட்டார்கள். திட்ட அலுவலகத்திலிருந்து நிலோபர் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். மதுரைக்காரி, இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், தோளில் எப்போதும் கம்ப்யூட்டர் பை. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுலம்மா நாப்பது?" என்று கேட்டேன்.

"மேடம், நானும் அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

ஜூன் 8, சனி

காலையில் இட்லி கொடுக்கும்போது கேட்டேன். எதை வைத்து நாற்பது என்று சொன்னீர்கள்?

அவருக்கு வெட்கமே இல்லை. தெருவிளக்கு பத்து கேட்டால் நான்கு கொடுப்பார்கள், குடிநீர்த் தொட்டி மூன்று கேட்டால் ஒன்று கொடுப்பார்கள், எதைக் கேட்டாலும் பாதிக்கு மேல் வெட்டித்தான் எழுதுவார்கள். அன்றைக்குச் சென்னையிலிருந்து வந்த அதிகாரி, உங்கள் ஊருக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறார். ஏதோ மானியம் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். "பதினஞ்சு கிடைக்கணும்னா நாப்பதுலதான ஆரம்பிக்கணும். குறைச்சு எழுதுவாருன்னு பார்த்தேன். அந்த ஆளு அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, இதை இப்போது நாம் குறைத்துக் காட்ட வேண்டுமாம், என்ன செய்வது என்றேன். அவர் சுவரைக் காட்டினார். கட்டிலுக்கு நேர் எதிரே பேப்பரில் வந்த செய்தியை வெட்டி லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன், உள்ளே இருக்கும் செய்தியை வாசித்ததில்லை. வாக்காளர் அட்டையில் இருக்கும் என் முகம், கீழே 'ஜெயக்கொடி காசிமாயன் துணிச்சல்' என்று கொட்டை எழுத்து.

"ஒன் பேரு பேப்பர்ல வந்துருக்கு, பார்த்தியா. என் பேரு ஒனக்குப் பின்னாடி வருது" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எனக்கு மேலே கேட்க மனசு வரவில்லை. சட்னி வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூன் 19, புதன்

ஒரு வாரமாக நிலோபருடன் வீடு வீடாகப் போகிறேன். எதைக் குறைப்பது என்று சொல்வதற்கு முன்னால் இப்போது எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டுமாம். எத்தனை சிலிண்டர், எத்தனை வண்டி, கரண்ட் எவ்வளவு, விறகு உண்டா என்று கேட்க வேண்டும்.

எங்கள் ஜனம் லேசுப்பட்டதா. கேட்பவர்கள் கையில் பேனா இருந்தால் ஏதோ வரப்போகிறது, அல்லது ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். இரண்டாவது சிலிண்டரைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிச் சேலையைப் போட்டு மூடினாள் ஒருத்தி. வாசலில் நிற்கும் வண்டி யாருடையதென்றே தெரியாது என்றார் ஒருவர், சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே. சங்கிலியம்மா மட்டும் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட்டு, மிக்ஸி எப்போது வரும் என்று கேட்டாள். நிலோபர் திணறிப்போனாள். நாங்கள் எதையும் கொடுக்கவும் வரவில்லை, பிடுங்கவும் வரவில்லை, காற்றை எண்ண வந்திருக்கிறோம் என்று சொன்னேன். அதற்கப்புறம் எல்லாரும் எங்களைப் பாவமாகப் பார்த்து மோர் கொடுத்தார்கள்.

கடைசியாகக் குப்பைக் கிடங்குக்குப் போனோம். எங்கள் வார்டின் கிழக்கு ஓரத்தில்தான் ஊர்க் குப்பை முழுக்க வந்து விழுகிறது. ஈரக் குப்பை அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறதாம். அதுதான் தீப்பிடித்தும் எரிகிறது. இந்த ஊரில் நகராட்சியின் கைக்குள் இருப்பதில் பெரிய கணக்கு இதுதான் என்றாள் அவள். பல வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகும் இடம். இன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. சோறு லேட்டானதற்கு அவர் பேசவில்லை. "ரசத்துல உப்பு இருக்கா?" என்று நானே கேட்டும் பேசவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்தார்.

ஜூன் 28, வெள்ளி

நிலோபர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இது பிடித்திருக்கிறது. அவளும், இந்த அலைச்சலும்.

ஜூலை 3, புதன்

கணக்கு வந்துவிட்டது. நாற்பது இல்லை. இருபத்திரண்டு.

குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கி உரமாக்கி, கிடங்கைக் கிளறி மூடி, எரிவதை நிறுத்தினால் ஒரு பங்கு. குடிநீர் ஏற்றும் பழைய மோட்டார்களை மாற்றினால் ஒரு பங்கு. தெருவிளக்கு, நகராட்சிக் கட்டடங்களின் மொட்டை மாடியில் சோலார் என்று மீதி. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் 2030-இல் இருபத்திரண்டு வரும். அதற்கே எல்லாரும் எக்கி நிற்க வேண்டும் என்றாள் நிலோபர்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது நான் நடந்து எண்ணிய கணக்கு. இருபத்திரண்டு எதில் என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். நாற்பதை அப்படிச் சொல்ல முடியாது. இந்த மாதக் கடைசிக் கூட்டத்தில் இலக்கைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். அதில் இருபத்திரண்டு என்று மாற்றச் சொல்லி நான்தான் எழுந்து பேச வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் அவருக்கு வாசித்தேன். குப்பை, மோட்டார், தெருவிளக்கு எல்லாம் வாசித்தேன். எண் வரும் இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நாப்பது வந்துரும்ல?" என்றார். ஓரளவுக்கு வரும் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நிலோபர் சொன்ன இருபத்திரண்டு அவர் காதுக்குப் போயிருக்கிறது. "நீங்க எதுக்கும்மா மண்டைய ஒடச்சுக்கிறீங்க? நாப்பதுக்கு வழி கிடைச்சிருச்சு" என்றார்.

வழி இதுதான். எந்த வருஷத்தோடு ஒப்பிட்டுக் குறைக்கிறோம் என்பதை ஊரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். கமலா மில் ஓடிக்கொண்டிருந்த வருஷத்தை எடுத்துக்கொண்டால் அந்த பாய்லர் புகை, ஜெனரேட்டர் எல்லாம் பழைய கணக்கில் ஏறிவிடும். மில் மூடிக் கிடப்பதால் இப்போது அது பூஜ்யம். மில் மூடியதிலேயே முப்பதுக்கு மேல் குறைந்ததாகக் கணக்கு வந்துவிடும். மீதிக்கு நான்கு சோலார் பலகை போதும். யாரும் எதையும் செய்ய வேண்டாம். குப்பைக் கிடங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்கு வைத்த நிதியில் பேருந்து நிலையத்துக்கு வளைவு கட்டிவிடலாம். நாற்பதைக் காட்டினால் அரசாங்கம் பரிசு கொடுக்குமாம், அதை வாங்கச் சென்னைக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தேன். குடித்திருக்கக் கூடாது.

கமலா மில்லில் என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியனாக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. மில் மூடிய அன்று டிபன் கேரியரைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். வெளியே வந்தவர் மைக் செட் வாங்கப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு மில்லைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. மில்லைத் தாண்டிப் போகும் தெருவில் வண்டி ஓட்டக்கூட மாட்டார், சுற்றித்தான் போவார்.

இதை நான் அவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஜூலை 10, புதன்

சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. ஊரெல்லாம் அம்மன் கோயிலுக்கு ரேடியோ குழாய் கட்ட எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இவர் படுத்துக்கொண்டே போனில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கிடங்கு பற்றிக்கொண்டது. ஆடிக் காற்று முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது, புகை நேராக எங்கள் தெருவுக்குள் வந்தது. ஜன்னல்களைச் சாத்தி ஈரத் துணி அடைத்தேன். அப்படியும் வீட்டுக்குள் எதிர்ச் சுவர் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். அவருக்கு இருமல் தொடங்கி நிற்கவில்லை. இரும இரும ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிறது என்று தொடையைப் பிடித்துக்கொண்டார். தூக்க ஆள் இல்லை. ஆட்கள் எல்லாரும் கோயில்களில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ போ புள்ள. நான் கெடக்கேன், நீ போ" என்றார்.

என் ஆத்திரம் முழுவதும் அவர் மேல் திரும்பியது. வாயை மூடிக்கொண்டு படுங்கள் என்று கத்தினேன். ஈரத் துண்டை அவர் மூக்கில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தீயணைப்பு வண்டி வந்து, காற்று திரும்பி, சுவரில் அந்த லேமினேட் பேப்பர் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அவ்வளவு நேரமும் என் மறு கையை அவர் விடவில்லை. பயந்துபோயிருந்தார். நானும் பயந்துதான் போயிருந்தேன். இந்த மனுஷன் இல்லாமல் என்ன செய்வேன் என்று நினைத்தேன், அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

ஜூலை 17, புதன்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு, மில், பேருந்து நிலைய வளைவு, எல்லாவற்றையும். கிடங்கைச் சரி செய்ய வேண்டும் என்றால் நாற்பதைக் கைவிட வேண்டும், நாற்பது நின்றால் கிடங்கும் அப்படியே நிற்கும் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நாற்பது தப்பு என்று சொல்லப் போகிறேன் என்றேன். ஊர் சிரிக்கும், பேப்பரில் திருப்பிப் போடுவார்கள், உங்களுக்குத் தலைகுனிவுதான், நீங்கள் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லைச் சொன்னபோது மட்டும் தலையைத் திருப்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

கூழுக்குக் கேப்பை ஊறப்போட்டேன். தீக்குச்சி தீர்ந்துபோய் எதிர்வீட்டில் வாங்கினேன்.

ஜூலை 18, வியாழன்

பேசவில்லை.

ஜூலை 20, சனி

வாக்கர் வைத்து நடக்க டாக்டர் சொல்லியிருக்கிறார். சமையலறை வரை வந்தார், திரும்பிப் போனார். என்னிடம் பேசவில்லை. வாக்கரிடம் பேசினார், அதையும் கெட்ட வார்த்தையில்.

ஜூலை 22, திங்கள்

தலைவர் போன் செய்தார். எனக்கில்லை, அவருக்கு. ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் பழக்கம் அவருக்கு, அடுப்படியில் எனக்கு எல்லாம் கேட்டது. தங்கச்சி ஏதோ அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு ஆடுது மாயா, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, ஒன்பதாவது வார்டுன்னா எங்களுக்கு நீதான் என்றார் தலைவர். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிண்ணே, வாரேன்" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் வர்றேன்னு சொன்னீங்க என்று கேட்கவில்லை. கேட்டால், நீ பேச வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் இவர் வேண்டாம் என்ற எதையும் நான் செய்ததில்லை. வெள்ளிக்கிழமை செய்யப் போகிறேன். அதை அவர் உட்கார்ந்து பார்க்கவும் போகிறார்.

ஜூலை 26, வெள்ளி

கூட்டம் முடிந்தது. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 27, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் நான் கிளம்பும்போது அவரும் சட்டை போட்டுக்கொண்டார். பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன், இரண்டு பேரும் பேசவில்லை. பந்தல் சாமான் ஏற்றும் லோடு ஆட்டோவில் முன் சீட்டில் அவரை ஏற்றினார்கள். நான் அவருக்கு முன்னாலேயே நிலோபரின் ஸ்கூட்டியில் போய்விட்டேன்.

தீர்மானம் பதினொன்றாவதாக வந்தது. எழுத்தர் நாற்பது என்று வாசித்ததும் எழுந்தேன். இருபத்திரண்டு என்று மாற்ற வேண்டும் என்றேன். சத்தம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் ரொம்பப் பொறுமையாக, நாற்பது என்று அறிவித்ததே நீங்கள்தானே அம்மா, பேப்பரில்கூட வந்ததே என்றார்.

சொன்னது என் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டால் நான் தப்பிவிடலாம். எல்லாருக்கும் தெரிந்ததுதான் அது. ஆனால் வாசலில் லோடு ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஆமாண்ணே, ஒன்பதாவது வார்டுதான் சொல்லுச்சு. எப்படியும் குறைச்சுத்தான் குடுப்பீங்கன்னு ஏத்திக் கேட்ட நாப்பது அது. கேட்டது தப்பு. அந்தத் தப்பு என்னோடது, நான் திருத்துறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. கிடங்கைச் சொன்னேன், பத்து நாளைக்கு முன்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெரு ஓடியதைச் சொன்னேன். மோட்டாரைச் சொன்னேன். இருபத்திரண்டில் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று காகிதம் பார்க்காமல் சொன்னேன். கடைசியாக மில்லுக்கு வந்தேன்.

"மில்லு மூடுனப்ப புகை மட்டுமா நின்னுச்சு? எத்தனை வீட்டுல அடுப்பு நின்னுச்சு. அதைக் கொண்டுபோய் நம்ம சாதனைன்னு எழுதாதீங்க. எழுதுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மன்றம் கசகசவென்றது. பெண் உறுப்பினர்கள் வழக்கம்போலத் திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தார்கள். தலைவர் பியூனைக் கூப்பிட்டு, வெளியில் மாயன் வந்திருக்கார், உள்ளே கூட்டிட்டு வா, அவர் சொல்லட்டும் என்றார். என் வீட்டுக்காரருடைய பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வாசலுக்கு நேராகத் திருப்பியும் போட்டார்கள்.

வாக்கர் தரையில் தட்டும் சத்தம் வராண்டாவில் மெல்ல மெல்ல நெருங்கியது. நான் நின்றபடியே இருந்தேன், உட்கார்ந்தால் மறுபடி எழ முடியாது என்று தெரிந்தது. கதவருகில் வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. உள்ளே ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"வா மாயா, ஒன்பதாவது வார்டு என்ன சொல்லுது?" என்றார் தலைவர்.

"அதான் பேசிட்டாகளேண்ணே. வெளியில வரைக்கும் கேட்டுச்சு" என்றார். "நான் மில்லுல வேலை பார்த்தவன். அவுக சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

உள்ளே கால் வைக்கவில்லை. வாக்கரைத் திருப்ப அவருக்கு வெகு நேரம் பிடித்தது. வராண்டாவில் அந்தச் சத்தம் போய் முடிந்ததும் ஆணையர், உறுப்பினர்கள் மட்டுமே மன்றத்தில் பேசலாம் என்று விதி இருப்பதாகச் சொன்னார். இத்தனை நாளும் அந்த விதி எங்கே போயிருந்ததோ.

நான்காவது வார்டு சகாயமேரி திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினாள். அவள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து கனைத்தார். அவள் கையை இறக்கவில்லை. பிறகு இன்னும் சில கைகள். தலைவர் எண்ணிப் பார்த்துவிட்டு, 'குறைந்தபட்சம் இருபத்திரண்டு' என்று போட்டுக்கொள்ளலாமா, கேட்க நன்றாக இருக்கும் என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கிடங்கு வேலை இந்த வருஷமே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் நிறைவேறியது. நிலோபர் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.

திரும்பும்போது லோடு ஆட்டோவில் அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தேன். டிரைவரிடம், மில் வழியாகப் போ, இவளுக்குப் பசி, அதுதான் குறுக்கு வழி என்றார். மூடிக் கிடந்த கேட்டைத் தாண்டும்போது நான் அவரைப் பார்க்கவில்லை. தாண்டிய பிறகுதான் கேட்டேன், இத்தனை நாளில் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று.

"வாயத் தொறந்தா நாப்பதுன்னு வந்துருமோன்னு பயமா இருந்துச்சு புள்ள" என்றார். "அது பேப்பர்ல ஒன்னோட பேருல வந்த நாப்பதாச்சே. விடுறதுக்கு மனசு வரலை."

அங்கேதான் அழுதேன். டிரைவர் பார்க்கிறான் என்றார். பார்க்கட்டும் என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.